தேன்பேழையில் அழியாத முகம்

கேளுங்கள். மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது.

மேற்கே ஒரு மலைநாடு இருந்தது. அங்கே வீடுகளைவிடத் தேன்கூடுகள் அதிகம். பாறை இடுக்கில் தேன், மரப்பொந்தில் தேன், கோயில் தூணின் உச்சியிலும் தேன். பிறந்த குழந்தையின் நாவில் முதலில் படுவது தேன். இறந்த அரசனின் மேல் கடைசியாக ஊற்றுவதும் தேன்.

அந்த நாட்டில் அரசனை எரிக்க மாட்டார்கள். உடனே புதைக்கவும் மாட்டார்கள். பெரிய வேங்கை மரம் ஒன்றைக் குடைந்து பேழை செய்வார்கள். அதன் உட்புறம் முழுக்கத் தேன்மெழுகைக் காய்ச்சிப் பூசுவார்கள். அரசனை அதில் கிடத்தி, முகம் மூழ்கும்வரை மலைத்தேனை ஊற்றுவார்கள். மூடியைப் பொருத்தி, விளிம்பை அரக்கால் அடைப்பார்கள். காற்றும் தண்ணீரும் புகாமல் தேனில் கிடக்கும் உடல் எளிதில் கெடாது. மூடியில், முகத்துக்கு நேராக, சிறிய முறத்தின் அளவுக்கு ஒரு திறப்பு இருக்கும். அதற்கு ஒரு மெழுகுப் பலகை மூடி. இப்படிச் செய்த பேழையை மலைமேல் ஒரு குகையில் வைத்து, குகைவாய்க்குக் கூரை வேய்ந்துவிடுவார்கள்.

முகம் இருக்கும்வரை அரசனும் இருக்கிறான். அது அந்த நாட்டுச் சட்டம்.

ஆகையால் அடுத்து வருகிறவன் அரசன் ஆவதில்லை. அவன் பெயர் இரண்டாம் கோ. அரியணையில் இறந்தவனின் தலைப்பாகை இருக்கும். இரண்டாம் கோ பக்கத்தில் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து வழக்குக் கேட்பான். தீர்ப்புச் சொல்வது அவன். கும்பிடு விழுவது தலைப்பாகைக்கு. முதல் கதிர், முதல் தேன், ஏரி மடை திறந்ததும் முதல் குடத்து நீர், எல்லாம் இறந்தவனுக்கு.

ஆண்டுக்கு ஒருமுறை, தேனெடுப்பு முடிந்ததும், ஒரு காலை வேளையில் இரண்டாம் கோ மலையேறுவான். இறந்த அரசனின் மனைவி குகைவாயில் நின்று அவன் கையில் விளக்கைக் கொடுப்பாள். அவன் மட்டும் உள்ளே போய் மெழுகுப் பலகையைத் தூக்கிப் பார்ப்பான். பிறகு பேழைமேல் கைவைத்துவிட்டு வெளியே வந்து, கூடியிருக்கும் மக்களிடம் சொல்வான். முகம் இருந்தால் “முகம் இருக்கிறது” என்பான். அழிந்திருந்தால் “முகம் போயிற்று” என்பான். பேழைமேல் வைத்த கையோடு பொய் சொன்னவன் நாக்கு அழுகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

முகம் போயிற்று என்ற அன்றே எலும்பை எடுத்து மண்தாழியில் இட்டுப் புதைப்பார்கள். இரண்டாம் கோ அரியணை ஏறுவான். வழக்கமாக ஓரிரு மழைக்காலத்துக்கு மேல் எந்த முகமும் தாங்கியதில்லை.

அப்படிப்பட்ட நாட்டில்தான் குவிரன் என்ற அரசன் இளவயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனான். அவன் தம்பி உதிரன் மணைப்பலகையில் உட்கார்ந்தான்.

அண்ணனும் தம்பியும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். பெற்ற தாயே முதுகுப்பக்கம் பார்த்தால் பெயர் மாற்றிக் கூப்பிடுவாள். ஆனால் முதலில் பிறந்தது குவிரன். முதல் மீன்துண்டு குவிரனுக்கு, முதல் குதிரை குவிரனுக்கு. குவிரனின் பழைய வாள், குவிரனின் பழைய கச்சை, குவிரன் ஏறி அலுத்த குதிரை, இவை உதிரனுக்கு. ஊரில் யாராவது உதிரனைப் பார்த்து முகம் மலர்ந்து ஓடிவருவார்கள். அருகில் வந்ததும், “ஓ, தம்பியா!” என்பார்கள். அந்த “ஓ” அவன் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அவன் கெட்டவனா? அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது இரவும் பகலும் உடனிருந்தான். செத்தபோது உண்மையாகவே அழுதான். அழுது முடித்த பிறகு, இனி யாரும் “ஓ, தம்பியா” என்று சொல்ல மாட்டார்கள் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை அவன் விரட்டவில்லை. அவ்வளவுதான் அவன் செய்த முதல் தவறு.

முதல் ஆண்டு மலையேறினான். குவிரனின் மனைவி வெண்ணி விளக்கைக் கொடுத்தாள். பூ இல்லை, வளை இல்லை. முகம் இருக்கும்வரை அவளும் குகையின் கீழே ஒரு குடிசையில் உப்பில்லாத உணவு உண்டு காத்திருக்க வேண்டும். தாய்வீட்டுக்கும் போகக் கூடாது, குகைக்குள்ளும் வரக் கூடாது. மனைவியின் கண்ணீர் பட்டால் தேன் கெட்டுவிடும் என்பார்கள்.

உதிரன் உள்ளே போய்ப் பலகையைத் தூக்கினான். பொன்னிறத் தேனுக்கு அடியில், கண்களை மூடி, குவிரன் உறங்குவதுபோல் கிடந்தான். அழகாக இருந்தான்.

வெளியே வந்து, “முகம் இருக்கிறது” என்றான் உதிரன்.

மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அவ்வளவு பெரிய ஆரவாரத்தை அவன் அதுவரை கேட்டதில்லை. உயிரோடு நிற்பவனைத் தாண்டிக்கொண்டு அது குகைக்குள் போயிற்று.

அன்று முதல் அவன் வயிறு எரியத் தொடங்கியது. மணைப்பலகையில் உட்கார்ந்தால் எரியும். தலைப்பாகையைப் பார்த்தால் எரியும். பக்கத்து மலைத் தலைவனிடம் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். “அரியணை ஏறட்டும், பார்க்கலாம். பலகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என் மகள் எதற்கு?” என்று பதில் வந்தது.

‘செத்தவன் சாகட்டும்’ என்று நினைத்தான் உதிரன்.

மழைக்காலம் வந்தது. குகைவாயின் கூரையைப் பிரிக்கச் சொன்னான். புதிதாக வேய்வதாகப் பேச்சு, வேயவே இல்லை. ஒருநாள் பகலில் தனியாகப் போய், பேழை விளிம்பின் அரக்கைக் கத்தி நுனியால் பல இடங்களில் கீறியும் வைத்தான். சாரல் குகைக்குள் அடித்தது. தண்ணீர் மூடியில் வழிந்து கீறல் வழியே இறங்கியது. தேனில் தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்று தேன்நாட்டில் யாருக்குத் தெரியாது?

சுனையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“ஏடி, கூரையை ஏன் பிரித்திருக்கிறார்கள் தெரியுமா? அண்ணன் மழை பார்க்கட்டும் என்றுதானாம்!”

“குவிரன் மழையென்றால் உயிரை விடுவான். தம்பி மறக்கவில்லை பார்.”

“நம் வீட்டிலும்தான் இருக்கின்றன தம்பிகள், தடித்தடியாக.”

அடுத்த தேனெடுப்பு முடிந்தது. உதிரன் பலகையைத் தூக்கினான். கள்ளைப்போல் ஒரு புளித்த வாடை எழுந்தது. தேன் நாவற்பழச் சாறுபோல் கறுத்திருந்தது. ‘முடிந்தது’ என்று விளக்கை முகத்தருகே பிடித்துக்கொண்டு குனிந்தான்.

முகம் இருந்தது.

அது மட்டுமா? சென்ற ஆண்டு மூடியிருந்த கண்கள் இப்போது திறந்திருந்தன. அவை அவனையே பார்த்தன. அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று அண்ணன் தெரிந்துகொண்டான், அதனால்தான் விழித்துப் பார்க்கிறான் என்று உதிரன் நினைத்தான். பலகையைப் போட்டு மூடிவிட்டு வெளியே ஓடிவந்து, “முகம் இருக்கிறது. கண்ணும் திறந்திருக்கிறது” என்றான்.

மலை அதிர்ந்தது. அதற்குப் பிறகு குவிரன் வெறும் அரசனாக இல்லை. நோய்ப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிவந்து மலையடிவாரத்தில் கிடத்தினார்கள். கல்யாணம் ஆகாத பெண்கள் குகை நோக்கி விளக்கேற்றினார்கள். உதிரனுக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

இரண்டாவதாக ஒன்று செய்தான். ஆண்டுதோறும் பேழைக்குப் புதுத்தேன் ஊற்றுவது வழக்கம். இனி ஊற்ற வேண்டாம் என்று தடுத்தான். “செத்தவருக்காகச் செங்குத்துப் பாறையில் ஏறி உயிருள்ளவர்கள் விழ வேண்டாம்” என்று காரணம் சொன்னான். நல்ல காரணம்தான். தேனெடுப்பவர்கள் கண்ணீர் விட்டார்கள். பிறகு, “குவிரன் கனவில் வந்து சொல்லியிருப்பான். தம்பிக்கு ஏது இவ்வளவு மனசு?” என்றார்கள்.

அந்த ஆண்டும் முகம் இருந்தது. தாடை இறுகி, உதடு கோணி, ஏளனம் செய்வதுபோல் இருந்தது.

மூன்றாவதாக, அதற்கடுத்த ஆண்டு, வெற்றிலைப் பையில் சுண்ணாம்பை நிறைத்துக்கொண்டு போனான். பலகையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, அத்தனையையும் உள்ளே கொட்டினான். திறந்து பார்த்தபோது அண்ணனின் முகம் துண்டுதுண்டாகச் சிதறியிருந்தது. “அண்ணா” என்று உதிரன் வாய்விட்டுக் கூப்பிட்டான். மெதுவாக, துண்டுகள் ஒன்றுகூடி மறுபடி முகமாயின. அந்த முகம் அழுதுகொண்டிருந்தது.

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் உடைந்திருப்பான். உதிரனும் ஒரு கணம் உடைந்தான். அடுத்த கணமே, ‘அழுவதிலும் என்னை முந்திக்கொள்கிறான்’ என்று நினைத்துப் பலகையை மூடினான்.

இப்படியே ஆண்டுகள் போயின. அதற்குமேல் அவன் பேழையை எதுவும் செய்யவில்லை. செய்யப் பயம். போவான், பார்ப்பான், “முகம் இருக்கிறது” என்பான், இறங்கி வந்து பலகையில் உட்கார்வான். தீர்ப்புகள் சரியாகத்தான் சொன்னான். கும்பிடு தலைப்பாகைக்குப் போயிற்று. கல்யாணம் நடக்கவில்லை. வேலைக்காரர்கள், “இரண்டாம் கோ சிரித்தால் மழை வரும்” என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

ஒரு தேனெடுப்பு முடிந்த காலை. மக்கள் சரிவில் கூடியிருந்தார்கள். வெண்ணி குகைவாயில் விளக்கோடு நின்றாள். உதிரன் கை நீட்டினான். அவள் விளக்கைக் கொடுக்கவில்லை.

“கொழுந்தனாரே, ஒன்று கேட்கலாமா?”

“கேளுங்கள், அண்ணி.”

“அம்மா ஆள் அனுப்பியிருக்கிறாள். கண் மங்கிக்கொண்டே வருகிறதாம். முழுக்க இருட்டுவதற்குள் என் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். இந்த ஆண்டும் அவர் முகம் இருக்குமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?”

“இருக்காமல் எங்கே போகும்?” உதிரன் சிரித்தான். கசப்பு முழுவதும் அந்தச் சிரிப்பில் வழிந்தது. “உங்கள் கணவருக்கு என்ன குறை? முதல் கதிர் தின்கிறார், முதல் தேன் குடிக்கிறார். என்னைவிட நன்றாகவே இருக்கிறார். கன்னத்தோரம் தாடிதான் கொஞ்சம் நரைத்துவிட்டது.”

வெண்ணி அவனை உற்றுப் பார்த்தாள்.

“என்ன நரைத்துவிட்டது?”

“தாடிதான். கண்ணுக்குக் கீழே சுருக்கமும் விழுந்திருக்கிறது. போன ஆண்டே பார்த்தேன்.”

“கொழுந்தனாரே, செத்தவருக்கு நரைக்குமா?”

உதிரன் விளக்குக்காக மறுபடி கை நீட்டினான்.

“அவர் போகும்போது தலையிலும் தாடியிலும் ஒரு வெள்ளை முடி கிடையாது. எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். எனக்குத் தெரியாதா?” அவள் விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நானும் உள்ளே வருகிறேன்.”

“அது ஆகாது, அண்ணி. உங்கள் கண்ணீர் தேனில் விழுந்தால்…”

“கண்ணீரா? அது வற்றி எத்தனையோ மழை ஆயிற்று. உப்பில்லாமல் தின்கிறவளுக்குக் கண்ணீர் எங்கிருந்து வரும்?”

அவன் தடுக்கவில்லை. இருவரும் உள்ளே போனார்கள்.

உதிரன் பலகையைத் தூக்கினான். விளக்கை வாங்கி, வழக்கம்போல் முகத்தருகே பிடித்துக்கொண்டு குனிந்தான். அண்ணன் இருந்தான். நரைத்த தாடியோடு, கலங்கிய கண்களோடு. அண்ணனுக்கு அருகில், கன்னத்தோடு கன்னம் உரசுவதுபோல், ஒரு பெண்ணின் முகமும் இருந்தது.

அப்போதும் அவனுக்கு முதலில் வந்தது பொறாமைதான். எனக்குக் கிடைக்காத துணை இவனுக்குச் செத்த பிறகும் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று நெஞ்சு கொதித்தது.

“கொழுந்தனாரே,” என்றாள் வெண்ணி, “விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.”

பேழைக்குள் இருந்த பெண்ணின் உதடுகள் அசைந்தன.

அவன் விளக்கைத் தள்ளினான். இரண்டு முகங்களும் மறைந்தன. விளக்கை அருகே கொண்டுவந்தான். வந்தன. தள்ளினான். மறைந்தன. மறுபடி கொண்டுவந்தான். இப்போது வாயைத் திறந்து, “ஓ” என்றான். அண்ணனும் “ஓ” என்றான்.

அவன் விளக்கைத் தரையில் வைத்தான். கையைக் கறுத்த தேனுக்குள் விட்டான். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. முழங்கைவரை விட்டான். தோள்வரை விட்டான். அடியில், காய்ந்த சுள்ளிகள்போல் சில எலும்புகளும், ஒரு மோதிரமும் கையில் பட்டன.

வெண்ணி மோதிரத்தை வாங்கித் தன் சேலையில் துடைத்தாள். “எப்போது போனாரோ,” என்றாள் மெதுவாக.

“நான் கூரையைப் பிரித்த அந்த மழையிலேயே போயிருப்பார்,” என்றான் உதிரன். “அவர் மழை பார்ப்பதற்காகப் பிரிக்கவில்லை, அண்ணி. அவர் அழுக வேண்டும் என்று பிரித்தேன். அரக்கைக் கீறியவனும் நான்தான். நான் நினைத்தது அன்றைக்கே நடந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.”

அவள் மோதிரத்தைச் சேலை முனையில் முடிந்துகொண்டாள். பேழையைப் பார்க்கவும் இல்லை.

“செத்தவரை நீங்கள் என்ன செய்துவிட முடியும்?” என்றாள் கடைசியில். “நீங்கள் பேழையில் போட்டு அடைத்தது என்னைத்தான், கொழுந்தனாரே. எனக்குத் தேன்கூட ஊற்றவில்லை.”

வெளியே மக்கள் காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். உதிரன் இரண்டே சொல் சொன்னால் போதும். “முகம் போயிற்று.” அது பொய்யும் இல்லை. நாக்கு அழுகாது. அன்றைக்கே அரியணை, அன்றைக்கே கும்பிடு, அடுத்த மாதமே கல்யாணம். குகைக்குள் நடந்தது இருவருக்கு மட்டுமே தெரியும். அந்த இருவரில் ஒருத்தி தாய்வீட்டுக்குப் போகப் போகிறவள். அவளும் அவனை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதிரன் பேழைமேல் கைவைத்தான். பிறகு தோள்வரை வழியும் கறுத்த தேனோடு வெளியே வந்தான்.

“முகம் போயிற்று,” என்றான்.

ஒரே கூச்சல். மேளக்காரன் கோலை ஓங்கினான். உதிரன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“இன்றைக்குப் போகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. போக்கியவன் நான். மழையை உள்ளே விட்டேன், புதுத்தேனை நிறுத்தினேன், சுண்ணாம்பு கொட்டினேன். நீங்கள் பாசம் என்று நினைத்தது எல்லாம் வயிற்றெரிச்சல். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நான் பார்த்துச் சொன்னது அண்ணன் முகம் இல்லை. கறுத்த தேனில் தெரிந்த என் முகம்.”

கூட்டத்தின் நடுவே மாகன் என்ற கிழத் தேனெடுப்பாளி ஒருவன் தலையைச் சொறிந்தான்.

“இரும், இரும். அப்படியானால் இத்தனை காலமும் நாங்கள் கொண்டுவந்து படைத்த முதல் கதிர், முதல் தேன், முதல் குடம், எல்லாம் உம்முடைய முகத்துக்கா?”

“ஆமாம்.”

“அந்த ஆரவாரமும்?”

“அதுவும்தான்.”

“அடப்பாவி மனுஷா!” என்றான் மாகன். “எல்லாவற்றையும் நீரே வாங்கிக்கொண்டு, நீரே வயிறெரிந்து செத்தீரே!”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு மலைச்சரிவு முழுக்கச் சிரித்தது. உதிரன் தலைகுனிந்து நின்றான். அந்தச் சிரிப்பு மட்டும் அவனைத் தாண்டிக் குகைக்குள் போகவில்லை. அவனிடமே வந்து நின்றது. அவனைப் பார்த்து, அவனுக்காக, அந்த மக்கள் எழுப்பிய முதல் ஓசை அது.

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நோய்ப்பட்ட பிள்ளையை மலையடிவாரத்தில் கிடத்தியிருந்த ஒருத்தி மண்ணை வாரி அவன்மேல் வீசிவிட்டுப் போனாள். அதையும் அவன் துடைக்கவில்லை.

அன்று மாலையே குவிரனின் எலும்புகளைக் கழுவி, சிவந்த மண்தாழி ஒன்றில் இட்டு, உதிரன் தன் தோளிலேயே சுமந்துபோய்ப் புதைத்தான். வெண்ணிக்கு ஒரு பல்லக்கு வந்தது, அவள் ஏறவில்லை. நடந்தே தாய்வீட்டுக்குப் போனாள். புறப்படும் முன் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் கண்களிலிருந்து நீர் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது தாயின் கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

உதிரனைச் சட்டப்படி அரியணையில் ஏற்றினார்கள். வெண்ணி உப்பில்லாமல் உண்ட அத்தனை ஆண்டுகளுக்குத் தானும் உப்பில்லாமல் உண்டான். பக்கத்து மலைத் தலைவன் மகளைத் தருவதாக ஆள் அனுப்பினான். தீர வேண்டியது இன்னும் தீரவில்லை என்று உதிரன் மறுத்துவிட்டான். தேன்பேழை வழக்கத்தை அவனே நிறுத்தினான். இறந்த அரசனை அன்றே மண்தாழியில் புதைக்க வேண்டும், அடுத்தவன் அன்றே அரியணை ஏற வேண்டும், இறந்தவனின் மனைவி அன்றே உப்பிட்டு உண்ண வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தான். அந்தப் பேழையைச் சுனையோரம் போட்டு மாட்டுத் தொட்டி ஆக்கினார்கள். தண்ணீர் குடிக்க வருகிற கன்றுகள் உள்ளே தெரியும் கன்றைப் பார்த்து முதலில் முட்டப் பார்க்கும். பிறகு தாகம் வென்றுவிடும்.

உதிரனும் ஒருநாள் இறந்தான். அவன் கேட்டபடியே அவனை அண்ணனின் தாழிக்குப் பக்கத்தில், அதே அளவுத் தாழியில் வைத்தார்கள். மேலே எந்த அடையாளமும் வைக்கவில்லை. எது அண்ணன், எது தம்பி என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

இதனால் அறிய வேண்டியது: பொறாமை பிடித்தவன் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை, தன் முகத்தையே அவன் முகம் என்று எண்ணி வாழ்நாள் முழுதும் பகைத்துக்கொண்டிருக்கிறான்.